சாவிக்கும் ஆர்.சி.க்கும் நடுவில்

பழைய கார் வாங்கி விற்கும் கடையை எங்கள் பக்கத்தில் ‘கன்சல்டிங்’ என்பார்கள். செஞ்சி, வளத்தி, மேல்மலையனூர், அவலூர்பேட்டை என்று எந்தச் சாலையில் போனாலும் ஒன்று கண்ணில் படும். ஒரு தகரக் கொட்டகை, கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்திய நாலைந்து வண்டிகள், கண்ணாடியில் மாடல் வருடம் எழுதிய காகிதம், மேலே ஒரு பிளக்ஸ் போர்டு. ஒரு ஆல்டோ, ஒரு ஸ்விப்ட், கோயிலுக்கு ஆள் ஏற்ற ஒரு ஈகோ, மூட்டை அடிக்க ஒரு குட்டியானை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் வந்து குவிகிற மாதங்களில் இந்தக் கடைகளில் கூட்டம் இருக்கும். மற்ற நாளில் அமாவாசைதான் கணக்கு. மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க வருகிறவர்கள் அப்படியே ஒரு வண்டியும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நான் செஞ்சியில் வரி ஆலோசகர். ஊரில் எல்லோருக்கும் ‘ஆடிட்டர்’. சி.ஏ. படித்தவன் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை, விட்டுவிட்டேன். கணக்கு எழுதுவது, ஜி.எஸ்.டி. எடுத்துக் கொடுப்பது, பார்ட்னர்ஷிப் டீட் தயார் செய்வது, பர்மைப் பதிவு செய்வது என்று பிழைப்பு ஓடுகிறது. அரிசி ஆலை, மண்டி, ஜவுளிக்கடை, டிராக்டர் உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் செய்திருக்கிறேன். என்னை அதிகம் யோசிக்க வைத்த தொழில் இந்தக் கன்சல்டிங்தான். மண்டிக்காரர் பணத்தைக் கொடுத்து மூட்டையை இறக்கிவிட்டால் அது அவருடையது, விற்றுவிட்டால் வாங்கினவருடையது. காரில் பணம் ஒரு நாள் கை மாறும், சாவி வேறொரு நாள், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் எப்போதோ ஒரு நாள். அந்த இடைக்காலத்தில் வண்டி யாருடையது? தனி ஆளாகத் தொடங்கலாமா, பர்மா, கம்பெனியா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பதில் சொல்ல முடியாமல் விழிப்பார்கள். அவர்கள் யோசித்து வந்திருப்பது கடைப் பெயரை மட்டும்.

பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கோட்டை இருக்கிற ஊர் அல்லவா, பாதிப் பேருக்கு ‘ராயல்’ வேண்டும், மீதிப் பேருக்கு ‘கிங்’ வேண்டும். 1932-ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 58-ஆவது பிரிவில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கிரவுன், எம்பரர், எம்ப்ரஸ், எம்பயர், இம்பீரியல், கிங், குயின், ராயல் ஆகிய சொற்களை மாநில அரசு எழுத்தில் சம்மதம் தராமல் பதிவு செய்யப்படும் பர்மின் பெயரில் வைக்கக் கூடாது. வெள்ளைக்காரன் தன் ராஜாவின் பெயரைக் காப்பாற்றப் போட்ட தடை. ராஜா போய் எத்தனையோ காலம் ஆகியும் தடை போகவில்லை. அந்தப் பட்டியலில் ‘ராஜா’ இல்லை, ‘தேசிங்கு’ம் இல்லை. ஆகவே எங்கள் ஊர் ராஜாவை வைத்துக்கொள்ளலாம், லண்டன் ராஜாவை வைக்க முடியாது என்று சொல்வேன். சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வார்கள். ஊரில் ‘ராயல்’ போர்டுகள் தொங்குகின்றனவே என்றால், அவை தனி ஆள் கடைகள். அல்லது பதிவே செய்யாத பர்ம்கள். போர்டில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் விதி. அதைப் பிளக்ஸ் அடிக்கும் முன்பே சொல்லிவிடுவது என் வழக்கம். அடித்த பிறகு சொன்னால் நான் விரோதி.

இனி இடைக்காலத்துக்கு வருகிறேன்.

கன்சல்டிங் நடக்கிற விதம் இது. விற்கிறவர் வண்டியைக் கொண்டுவந்து விடுவார். கன்சல்டிங்காரர் பணத்தைக் கொடுத்து, பாரம் 29, பாரம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். வாங்குகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். இதற்கு ‘டி.டி.ஓ. செட்’ என்று பெயர். வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற மாட்டார். மாற்றினால் ‘சிங்கிள் ஓனர்’ வண்டி ‘செகண்ட் ஓனர்’ ஆகிவிடும், விலை இறங்கும், மாற்றுகிற செலவும் தனி. ஆகவே ஆர்.சி.யில் பழைய ஆள் பெயர் அப்படியே இருக்க, வண்டி திண்டிவனத்தில் பெயின்ட் அடிக்கப் போகும், திருவண்ணாமலையில் ஒருவர் ஓட்டிப் பார்ப்பார், சில சமயம் வேறொரு கன்சல்டிங் கைக்கு மாறி வேலூர் வரை போய்விடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. காலியான பாரத்தில் தேதியும் காலியாகத்தானே இருக்கும்!

விபத்து நடக்காத வரை இதில் யாருக்கும் தொந்தரவு இல்லை. நடந்தால் என்ன ஆகும் என்பதை நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று சொன்னது. அந்தக் காரை ஆர்.சி.க்காரர் 2007-லேயே விற்றுவிட்டார். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய் 2009-ல் விபத்தில் சிக்கியது. அதுவரை ஆர்.சி.யில் பெயர் மாறவே இல்லை. இழப்பீடு கேட்டு வந்தவர்களை ஒவ்வொரு கையாகத் தேடி அலையவிட முடியாது, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், பொறுப்பு அவருக்குத்தான் என்று நீதிமன்றம் முடித்தது. 2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே ஒரு கார் வெடித்தபோதும் போலீஸ் முதலில் போய் நின்றது அந்த வண்டியின் பழைய பதிவுக்காரர் வீட்டில்தான். வண்டி அதற்குள் பல கை மாறியிருந்தது. அந்த வாரம் எங்கள் பக்கத்தில் வண்டி விற்றவர்கள் எல்லாம் கன்சல்டிங் கன்சல்டிங்காக ஏறி இறங்கி “என் பேரை மாத்தினியாப்பா?” என்று கேட்டார்கள்.

இந்த ஓட்டையை அடைக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ தொடங்கிப் புது விதிகளைச் சேர்த்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். பழைய வண்டி வியாபாரி, பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். ஐந்து வருடத்துக்குச் செல்லும். விற்கிறவர் வண்டியை ஒப்படைத்ததும் இருவரும் சேர்ந்து பாரம் 29சி-யைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து டீலர்தான் உரிமையாளராகக் கருதப்படுவார். ஓனர் எண்ணிக்கை இதனால் ஏறாது. எப்.சி., ஆர்.சி. புதுப்பித்தல், தடையில்லாச் சான்று, பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். ஆனால் வண்டியை இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. பார்ட்டிக்கு ஓட்டிக் காட்ட, பட்டறைக்கு, பெயின்டுக்கு, சோதனைக்கு என்று காரணம் இருக்க வேண்டும், அதைப் பதிவேட்டில் ஏற்றவும் வேண்டும். டீலரின் மச்சான் கல்யாணத்துக்கு இன்னோவா போகக் கூடாது என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம். எங்கள் பக்கம் பலர் இன்னும் அங்கீகாரம் எடுக்காமல் பழைய டி.டி.ஓ. செட்டிலேயே ஓட்டுகிறார்கள். நான் எடுக்கச் சொல்கிறேன். எடுத்தால் பொறுப்பு தலையில் ஏறுமே என்பார்கள். எடுக்காவிட்டாலும் விற்றவர் ஒருநாள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார். அப்போது உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது.

பர்ம் பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். ‘டீலர்தான் உரிமையாளர்’ என்றால் அந்த டீலர் யார்? தனி ஆள் கடையென்றால் கேள்விக்கே இடமில்லை, கடை வேறு ஆள் வேறு அல்ல. மனைவி பெயரில் போட்டதைத் தவிர, வீடு, நிலம் எல்லாமே கடனுக்கும் இழப்பீட்டுக்கும் பதில் சொல்லும். பர்ம் என்றால் பார்ட்னர்கள் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு, கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. நாலில் ஒரு பங்கு வைத்திருப்பவரிடம் முழுக் கடனையும் வசூலிக்கலாம். அவர் மற்ற மூவரிடம் பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.

மேல்மலையனூரிலிருந்து மூன்று பேர் வந்தது நினைவிருக்கிறது. ஒருவருக்குக் கோயில் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை, கையில் பணம் இருந்தது. இன்னொருவர் டிராவல்ஸ் ஓட்டியவர். எந்த வண்டியையும் கதவைத் தட்டிப் பார்த்து, எங்கே டிங்கரிங் ஆகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மூன்றாமவர் வளைகுடாவிலிருந்து திரும்பியவர், சாலையோரம் அம்மா பெயரில் பட்டா இடம் வைத்திருந்தார். எங்கள் பக்கத்து பர்ம்கள் பெரும்பாலும் இப்படித்தான் சேரும். பணம் ஒருவர், தொழில் ஒருவர், இடம் ஒருவர். “நாங்க மூணு பேரும் அண்ணன் தம்பிங்க மாதிரி சார். எங்களுக்குள்ள பத்திரம் இன்னாத்துக்கு? ஜி.எஸ்.டி.க்கு ஒரு பேப்பர் போட்டுக் குடு, போதும்” என்றார் பூஜைச் சாமான் கடைக்காரர். அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடக்காத கிராமம் இந்தத் தாலுகாவில் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். உட்கார்ந்தார்கள்.

பேப்பர் மட்டும் போதாது என்பதற்கு 69-ஆவது பிரிவு இருக்கிறது. பர்மைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பதிவு செய்யாவிட்டால் அபராதமும் இல்லை. ஆனால் பதிவாகாத பர்ம், ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டியதைக் கேட்டு வெளியாள்மேல் உரிமை வழக்குப் போட முடியாது. பார்ட்னர் ஒருவரும் பர்ம்மேல் போட முடியாது. அடுத்தவன் மட்டும் நம்மேல் தாராளமாகப் போடலாம். ஒரு கன்சல்டிங்கில் இதைப் பார்த்தேன். பள்ளிக்கூட வேன்களை மொத்தமாகத் தருவதாகச் சொன்ன வெளியூர்க்காரரிடம் பெரிய தொகை அட்வான்ஸ் போனது, வேன் வரவில்லை. வக்கீல் டீடைப் புரட்டிப் பார்த்துவிட்டு “ரிஜிஸ்டர் ஆனதா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். இல்லை. பதிவு செய்த பிறகு புதிதாக வழக்குப் போடலாம் என்றாலும் காலக்கெடு அதற்காகக் காத்திருக்காது. கடைசியில் பஞ்சாயத்து பேசிப் பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டார்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பாரம் 1 கொடுத்து, பர்ம் பதிவேட்டின் நகலைக் கையில் வாங்குவதற்கு ஆகும் செலவு ஒரு பழைய டயர் விலைகூட இருக்காது. ஒருமுறை செய்தால் வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டாம். ஆள் சேர்ந்தாலோ விலகினாலோ, முகவரி மாறினாலோ தெரிவிக்க வேண்டும், அவ்வளவே.

மூவரும் டீடில் முதலில் கேட்டது லாபப் பங்கு. அது எளிது. நான் நேரம் எடுத்துக்கொண்டது டிராவல்ஸ் ஓட்டிய டிரைவர் அண்ணன் விஷயத்தில். வண்டி வாங்கப் போகிறவர் அவர்தான். எவ்வளவு விலை வரை தனியாக முடிவெடுக்கலாம்? 3 லட்சம் வரை அவர் விருப்பம், அதற்குமேல் இன்னொருவர் கையெழுத்து என்று எழுதினோம். எழுதிவிட்டு இதன் குறையையும் சொன்னேன். இந்தக் கட்டுப்பாடு உங்களுக்குள் செல்லும். இப்படியொரு ஏற்பாடு இருப்பது தெரியாத வெளியாளிடம் செல்லாது. அவர் போய் 9 லட்சத்துக்கு இன்னோவா பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் பர்ம் கட்டுப்படும். ஆகவே டீடோடு நிறுத்தாமல், வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து என்று போடுங்கள், ரொக்கம் கையில் அதிகம் வைக்காதீர்கள். டிரைவர் அண்ணனுக்கு முகம் சுருங்கியது. “என்மேல நம்பிக்கை இல்லியா?” என்றார். பணம் போட்டவர் பேசாமல் இருந்தார். வளைகுடாக்காரர்தான் “எனக்கும் அதே ரூல்தானேண்ணே” என்று ஆற்றினார்.

அடுத்தது சம்பளம். பார்ட்னருக்குச் சம்பளமும் முதலுக்கு வட்டியும் கொடுக்கலாம், ஆனால் டீடில் எழுதியிருந்தால்தான் வருமான வரியில் செலவாக ஒப்புக்கொள்வார்கள். வட்டி 12 சதவீதத்துக்கு மேல் ஆகாது. சம்பளத்துக்கு உச்சவரம்பு லாபத்தைப் பொறுத்தது. 2024-25 நிதியாண்டிலிருந்து முதல் 6 லட்சம் லாபத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இரண்டில் எது கூடுதலோ அது. மிச்சத்தில் 60 சதவீதம். வட்டி போக 8 லட்சம் லாபம் வந்த பர்ம் 6,60,000 வரை சம்பளமாகக் கொடுத்துவிட்டு, மீதி 1,40,000-க்கு 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் கட்டும், 43,680 ரூபாய். அதே 8 லட்சம் ஒரு தனி ஆள் கடைக்கு வந்திருந்தால், 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை கட்ட வேண்டியதே இல்லை. ஆக வரி ஒன்றையே பார்த்தால் சின்னக் கடைக்குத் தனி ஆள்தான் லாபம். இதைச் சொன்னதும் சிலர் ஒருவர் பெயரில் கடையை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் மூன்று பேர் பங்கு போடலாமா என்று கேட்பார்கள். செய்கிறார்கள், தெரியும். இரண்டு பேர் வண்டி இல்லாமல், பணம் இல்லாமல், கையில் துண்டுச் சீட்டுடன் என் எதிரில் உட்கார்ந்த நாட்களும் உண்டு. வரி மிச்சம் பிடித்த தொகை அவர்கள் இழந்ததற்குப் பக்கத்தில்கூட வராது. 2025 ஏப்ரல் முதல் பார்ட்னருக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி இவை வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக் கட்டவும் வேண்டும். பர்முக்குத் தனி டான் எண் அதற்காகவே வாங்கினோம்.

பிறகு யாரும் பேச விரும்பாத பகுதி. ஒருவர் செத்துப் போனால்? அமாவாசைக்கு மறுநாள் நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இதைக் கேட்கிறானே என்று பூஜைச் சாமான் கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சட்டப்படி ஒரு பார்ட்னர் இறந்தால் பர்ம் கலைந்துவிடும். டீடில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தொடரலாம். அதிலும் இரண்டே பேர் உள்ள பர்மில் எப்படி எழுதினாலும் பயனில்லை. ஒருவர் போனால் மிஞ்சுவது ஒருவர், ஒரு ஆள் பர்ம் என்று ஒன்று கிடையாது. உச்ச நீதிமன்றம் 2010-ல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் இருவராக வருகிறவர்களிடம் மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். உடனே “என் வீட்டுக்காரியப் போட்டுக்கறேன்” என்பார்கள். போடலாம், ஆனால் கடன் வந்தால் அந்த அம்மாவின் நகையும் நிலமும் பதில் சொல்ல வேண்டிவரும். அவரை நேரில் அழைத்து வாருங்கள், அவரிடமே சொல்கிறேன் என்பேன். பாதிப் பேர் அழைத்து வருவதில்லை. வந்த பெண்கள் சிலர் கேட்ட கேள்விகள் ஆண்கள் கேட்டதைவிட நன்றாக இருந்தன. “ஆக்சிடென்ட் கேசுக்கும் எங்க வூட்டு நெலம் போவுமா சார்?” என்று ஒரு அம்மா கேட்டார். போகும் என்றேன். காப்பீடு காலாவதியாகாத வண்டியை மட்டும் யார்டில் ஏற்றுவது என்ற விதி அந்த பர்மில் அன்றைக்கே வந்துவிட்டது.

இறப்பு ஷரத்து கார் கன்சல்டிங்கில் எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கொரோனா இரண்டாம் அலை காட்டியது. 2021 மே மாதம். எனக்குத் தெரிந்த ஒரு பர்மில் வண்டி வாங்கும் வேலையைப் பார்த்தவர் இறந்துவிட்டார். யார்டில் நின்ற வண்டிகள் எல்லாம் முன்பின் தெரியாத யார் யார் பெயரிலோ. டி.டி.ஓ. செட்டுகள் இறந்தவர் வீட்டுப் பீரோவில். அவருடைய மைத்துனர் வந்து, இந்த ஸ்விப்டும் அந்த போலேரோவும் மாமா தன் சொந்தப் பணத்தில் வாங்கியது என்றார். பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினார். மற்ற பார்ட்னர்கள் பர்ம் பணம் என்றார்கள். ஆர்.சி.யில் இரு தரப்பின் பெயருமே இல்லை. நெல் மண்டியாக இருந்தால் குடோனில் இருப்பது பர்முடையது என்று முடிந்திருக்கும். இங்கே தீர்த்து வைத்தது, கணக்குக்காக நான் நச்சரித்து எழுத வைத்த ஸ்டாக் ரிஜிஸ்டர். எந்தத் தேதியில், யாரிடம், என்ன விலைக்கு, எந்தக் கணக்கிலிருந்து பணம் போனது என்று வண்டி எண்ணோடு இருந்தது. டீடில் இறந்த நாளின் கணக்கை முடித்து, முதலையும் பங்கையும் தவணையாகத் தருவது, விரும்பினால் வாரிசைச் சேர்த்துக்கொள்வது என்று எழுதியிருந்தது. இறந்தவரின் மனைவி சேரவில்லை, பணத்தை வாங்கிக்கொண்டார். அதே மாதம் இதே நிலையில் இருந்த வேறொரு பர்மில் ரிஜிஸ்டரும் இல்லை, ஷரத்தும் இல்லை. யார் கையில் சாவி இருந்ததோ அவர் வண்டியை எடுத்துக்கொண்டார்.

எல்.எல்.பி., கம்பெனி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். “பிரைவேட் லிமிடெட்னு போர்டுல போட்டா ஒரு கெத்து சார்” என்று இளைஞர்கள் வருவார்கள். கெத்துக்கு வருடச் செலவு உண்டு. ஒரு வண்டிகூட விற்காத வருடத்திலும் கம்பெனிக்கு ஆடிட் கட்டாயம், கணக்கையும் ஆண்டறிக்கையையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 2008 சட்டப்படி வந்த எல்.எல்.பி. இவ்வளவு பாரமில்லை, ஆனாலும் மே 30-க்குள் ஒரு பாரம், அக்டோபர் 30-க்குள் இன்னொரு பாரம். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் என்று ஓடிய காலத்தில் கடையை மூடிவிட்டு எல்.எல்.பி.யை மூட மறந்தவர்கள் தொகையைக் கேட்டு மயங்காத குறை. பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும் என்பதுதான் இவற்றின் ஈர்ப்பு. அது உண்மைதான், வங்கி வாசல் வரைக்கும். வங்கிக்காரர் கடன் கொடுக்கும்போது டைரக்டர்களின் சொந்த ஜாமீனையும் வீட்டுப் பத்திரத்தையும் கேட்பார். கையெழுத்துப் போட்டதும் அந்தக் கடனைப் பொறுத்தவரை லிமிடெட் போய்விட்டது. விபத்து இழப்பீட்டில் மட்டும் இந்த வேலி உண்மையாகவே நிற்கும். யார்டில் எப்போதும் இருபது முப்பது வண்டி நிற்க, டிரைவர்கள் வைத்து ஓட்டும் அளவுக்கு வளர்ந்தவர்களுக்கு எல்.எல்.பி. சொல்வேன்.

புது கார் டீலர்ஷிப் எடுக்கிறவர்களுக்குப் பேச்சு வேறு. தயாரிப்பாளர் கேட்பதே பெரும்பாலும் கம்பெனியாகத்தான் இருக்கும், முதலும் கோடிகளில். அங்கே ஆபத்து வேறு பக்கமிருந்து வரும். செவ்ரலே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த போர்டு, 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஷோரூமுக்குக் கண்ணாடி பதித்தவர்கள், சர்வீஸ் லிப்ட் வாங்கியவர்கள் கையில் இருந்தது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. அமெரிக்காவில் 1956-லேயே டீலர் தயாரிப்பாளரை நீதிமன்றத்துக்கு இழுக்க மத்தியச் சட்டம் வந்துவிட்டது, மாநிலங்களுக்கும் தனிச் சட்டங்கள். அங்கே கலிபோர்னியாவில் பழைய கார் டீலர் லைசென்ஸ் எடுக்கவே 50,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் கட்ட வேண்டும்; டீலர் ஏமாற்றினால் வாடிக்கையாளருக்கு அதிலிருந்து கிடைக்கும். இங்கே டீலர்கள் சங்கம் பாதுகாப்புச் சட்டம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் செஞ்சியில் புது ஷோரூம் என்று வருகிறவர்களிடம், கம்பெனி பதிவுக்கு முன்னால் ஒப்பந்தத்தில் முடிவுக்கு வரும் ஷரத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். மீண்டும் வருகிறவர் குறைவு.

மேல்மலையனூர் மூவர் பர்ம் பதிவாகி வந்ததும் ஜி.எஸ்.டி. போட்டோம். அதற்கு முன் ஒன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது. நீங்கள் புரோக்கரா, டீலரா? இரண்டு பார்ட்டியைச் சேர்த்துவைத்துக் கமிஷன் மட்டும் வாங்கினால் அது சேவை. 20 லட்சம் தாண்டினால் பதிவு. வண்டியை வாங்கி விற்றால் அது சரக்கு. தமிழ்நாட்டில் 40 லட்சம். இரண்டையும் கலந்து செய்துவிட்டு வருடக் கடைசியில் என்னிடம் வந்து எது எது என்று பிரிக்கச் சொல்வதுதான் வழக்கம். இவர்களுக்கு முதல் நாளிலேயே இரண்டு ரசீது புத்தகம் அடித்துக் கொடுத்தேன்.

வாங்கி விற்கிற வண்டிக்கு வரி முழு விலைக்கு இல்லை, லாபத்துக்கு மட்டும். 3,20,000-க்கு வாங்கி 3,60,000-க்கு விற்றால் 40,000-க்கு 18 சதவீதம், 7,200. சின்ன வண்டிகளுக்கு 12 சதவீதமாக இருந்ததை 2024 டிசம்பர் 21-ல் ஜெய்சால்மரில் கூடிய கவுன்சில் எல்லாவற்றுக்கும் 18 ஆக்கியது. 2025 ஜனவரி 16 முதல் அமல். கவுன்சில் கூடிய வாரம் சொந்தக் காரை நஷ்டத்துக்கு விற்றால்கூட வரி என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. வியாபாரியல்லாத ஆள் தன் காரை விற்றால் வரி இல்லை, நஷ்டத்துக்கு விற்றால் வியாபாரிக்கே வரி இல்லை. ஆனால் ஒரு வண்டியின் நஷ்டத்தை இன்னொரு வண்டியின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. பெயின்டுக்கும் சீட் கவருக்கும் செய்த செலவை வாங்கிய விலையோடு கூட்டிக் காட்டவும் முடியாது. இதை டிரைவர் அண்ணன் இன்றுவரை ஏற்கவில்லை. “நான் அடிச்ச பெயின்ட்டுலதான் சார் அந்த லாபமே வந்துச்சு” என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாரத்தில் அதற்கு இடம் இல்லை.

ரொக்கம் இன்னொரு சங்கடம். ஒரு வண்டிக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம். 2017 ஏப்ரலிலிருந்து இருக்கிற விதி. நெல் விற்ற பணத்தை மஞ்சப்பையில் கொண்டுவருகிற பெரியவரிடம் ‘வங்கியில் போட்டு அனுப்புங்கள்’ என்றால் அவர் அடுத்த கன்சல்டிங்குக்குப் போய்விடுகிறார். மூவரும் இதனால் வியாபாரம் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதில் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இடத்துக்கு வளைகுடாக்காரரின் அம்மாவிடம் வாடகை ஒப்பந்தம் எழுதினோம். மகன் இடம்தானே, வாய்ப்பேச்சு போதாதா என்று கேட்டார்கள். பட்டா அம்மா பெயரில் இருக்கும்வரை மகன் இடம் இல்லை. அதோடு பர்ம் கலைந்தால் யார்டைக் காலி செய்ய எத்தனை மாதம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மேல்மலையனூரில் இன்னொன்றும் பார்ப்பேன், இடம் கோயில் நிலமா என்று. கோயில் நிலத்தில் யாரோ குத்தகைக்கு இருப்பவர் உள்வாடகை விட்டால் அது எந்த நேரமும் கை விட்டுப் போகும். ஜி.எஸ்.டி. அலுவலர் நேரில் பார்க்க வந்த அன்று அமாவாசை. வளத்தியிலிருந்தே பஸ்ஸும் வேனும் நெருக்கிக்கொண்டு நின்றதால் அவர் வந்து சேர்ந்தபோது மாலை. போர்டையும் யார்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு, தரிசனம் முடித்துவிட்டுப் போனார். பதிவு எண் வந்த பிறகுதான் டீலர் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தோம். அது பர்மின் பெயரில் கிடைத்தது. முதல் 29சி ஏறியது ஒரு ஆல்டோவுக்கு. விற்றவர் அவலூர்பேட்டை ஆசிரியர். போர்ட்டல் ரசீதைக் கையில் வாங்கியதும் “இனிமே இது என் வண்டி இல்லதானே?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது மூவருக்கும் சேத்துப்பட்டில் ஒரு கிளை வேண்டுமாம். பக்கத்து ஊர்தான், ஆனால் அது திருவண்ணாமலை மாவட்டம், பதிவு அதிகாரி வேறு. ஜி.எஸ்.டி.யில் கூடுதல் இடமாகச் சேர்த்தால் போதும், பர்ம் பதிவேட்டிலும் கிளை முகவரியை ஏற்றிவிடலாம். டீலர் அங்கீகாரத்தை மட்டும் அந்த எல்லையின் அதிகாரியிடம் தனியாகக் கேட்க வேண்டும். அதுவரை அங்கே ஒரு வண்டியும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். டிரைவர் அண்ணன் கொட்டகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம், 3 லட்சத்துக்குள்தான் என்கிறார்.